அவ்வப்போது எரிந்து அணையும் என்ஜின் விளக்கு: பழைய டர்போ கார் வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய டர்போ கார்களில், அதாவது புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ என்ற பாகம் உள்ளவற்றில், மஞ்சள் நிற என்ஜின் விளக்கு ஒரு வாரம் எரிவதும், மறு வாரம் தானாக அணைவதும், ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற நாளில் மட்டும் ஒன்றும் அறியாதது போல இருப்பதும் பலருக்கும் பழகிப்போன தொல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து நண்பர்களும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மெக்கானிக் அல்லன். பம்ப்செட் ஆலை ஒன்றின் சோதனைப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். எங்கே கசிகிறது, எந்த அழுத்தத்தில் கசிகிறது என்று தேடுவதே அங்கே என் தொழில். 2011-இல் வாங்கிய டீசல் செடான் ஒன்றை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே சொல்லப்போவதில் பாதியை அந்த வண்டிதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கேள்வி: விளக்கு தானாகவே அணைந்துவிட்டது. கோளாறும் போய்விட்டது என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. விளக்கு எரிவதற்கும் அணைவதற்கும் என்ஜின் கணினி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பெரும்பாலான கோளாறுகளை அது முதல் முறை கண்டதும் விளக்கைப் போடுவதில்லை. நிலுவைக் கோடாக மட்டும் நினைவில் குறித்துக்கொள்கிறது (இங்கே கோடு என்பது code, அதாவது கோளாறைக் குறிக்கும் எண்). அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தென்பட்டால்தான் விளக்கு எரியும். பிறகு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் அதே சோதனை நடந்து, கோளாறு தென்படாமல் போனால் விளக்கு அணையும். ஆனால் கோடு அப்போதும் நினைவில் இருக்கும். என்ஜின் குளிர்ந்து மறுபடி சூடேறும் சுழற்சிகள் ஏறத்தாழ 40 கடந்த பின்னரே அது அழியும்.

ஆகவே சனிக்கிழமை கொல்லிமலைக்குப் போய்வந்தபோது எரிந்த விளக்கு, அடுத்த வாரம் முழுவதும் காந்திபுரத்துக்கும் பீளமேட்டுக்கும் மெதுவாக ஓட்டியதில் அணைந்திருந்தால், வண்டி குணமாகிவிட்டது என்று பொருள் அல்ல. கோளாறு வெளிப்படுவதற்கு வேண்டிய சூழல் அந்த வாரத்தில் அமையவில்லை, அவ்வளவுதான். விளக்கு அணைந்த பின்னும் அந்த 40 சுழற்சிகளுக்குள், கணினியின் நினைவைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் சான்று கிடைக்கும். “லைட்டே எரியலீங்களே, நான் எதைப் பாக்கறதுங்?” என்று கேட்கும் மெக்கானிக்கிடம் இதை எடுத்துச் சொல்லலாம், அவர் கேட்காவிட்டால் வேறு கடை பார்க்கலாம்.

கேள்வி: விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது வண்டியை ஓட்டலாமா?

அசையாமல் எரிந்து, இழுவையிலும் சத்தத்திலும் மாற்றம் இல்லாவிட்டால், மிதமான வேகத்தில் வீடு வந்து சேரலாம். பெட்ரோல் வண்டியில் விளக்கு கண் சிமிட்டினால் ஓரங்கட்ட வேண்டும்; சிலிண்டர் ஒன்று சரியாக எரியாமல், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதே அதன் பொருள், அந்தச் சூட்டில் கன்வெர்ட்டர் உருகிவிடும். சிவப்பு நிற ஆயில் விளக்கு கூடவே வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் என்ஜினை அணைத்துவிடுங்கள், ஏனெனில் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் ஆயில் படலத்தின் மீதே மிதந்து சுழல்வது.

கேள்வி: எந்த ஸ்கேனர் வாங்குவது? என் வண்டிக்கு அது பொருந்துமா?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் அருகில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி, அதாவது கோளாறை வண்டியே கண்டறிந்து சொல்லும் ஏற்பாட்டின் இரண்டாம் கட்டம் கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகளில், குறிப்பாக வெளிநாட்டு வடிவமைப்பில் வந்தவற்றில், அந்த வசதி பெரும்பாலும் உண்டு. ஆனால் எல்லாத் தகவலும் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2010-இல் புகை மாசுக்கான பிஎஸ் 4 விதி சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கே வந்தது. கோவை அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்தக் காலத்தில் இங்கே பதிவான வண்டிகள் பலவும் பிஎஸ் 3 வகை. வாங்கும் முன் நண்பர் ஒருவரின் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

சில நூறு ரூபாய் ப்ளூடூத் அடாப்டரும் கைப்பேசிச் செயலியும் தொடக்கத்துக்குப் போதும். அதில் கோடு, நிலுவைக் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், ஓடும்போதே மாறும் நேரடி அளவுகள் ஆகிய நான்கும் தெரிகின்றனவா என்று பாருங்கள். மலிவான அடாப்டர்கள் பொதுவான கோடுகளை மட்டுமே படிக்கும். பி 1 என்று தொடங்குபவை பொதுவாகத் தயாரிப்பாளரின் சொந்தக் கோடுகள், அவற்றின் பொருளை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையில்தான் தேட வேண்டும்.

மாட்டியவுடன் செய்யக் கூடாத ஒன்று உண்டு: ‘அழி’ என்ற பொத்தானைத் தொடாதீர்கள். கோடு பதிவான நொடியில் வேகம், என்ஜின் சுற்று, கூலன்ட் வெப்பம், சுமை, மேனிஃபோல்டு (என்ஜினுக்குள் காற்று நுழையும் குழாய்த் தொகுதி) அழுத்தம் ஆகியவை என்னவாக இருந்தன என்பதை ஃப்ரீஸ் ஃப்ரேம் படம்பிடித்ததுபோல் வைத்திருக்கும். கோட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். முதலில் திரையைப் படமெடுங்கள், பிறகு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனையோ ஒர்க்‌ஷாப்களில் ஸ்கேனரை மாட்டிய மறு நொடியே கோட்டை அழித்துவிட்டு, “திரும்ப வந்தா கொண்டாங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். திருட்டு நடந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடுவதற்கு ஒப்பான வேலை இது.

கேள்வி: பி 0299 என்று காட்டுகிறது. டர்போ போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

அந்தக் கோடு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கணினி எதிர்பார்த்த அளவு காற்றழுத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றவுடன் மோட்டாரைக் கழற்றுபவர் நம் ஊரில் யாரும் இல்லை. முதலில் குழாய் உடைந்திருக்கிறதா, வால்வு மூடியிருக்கிறதா, ஃபுட் வால்வில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில்தான் மோட்டாரைத் தொடுவார்கள். டர்போவுக்கும் அதே முறைதான்.

காற்று நுழையும் பக்கத்திலிருந்து வாருங்கள். ஏர் ஃபில்டர் அடைப்பு, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய் உறிஞ்சலில் உள்வாங்கிச் சுருங்குவது, டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து என்ஜினுக்கும் போகும் ஹோஸ்களில் கிழிசல், கிளிப் தளர்வு, இன்டர்கூலரின் ஓரத்தில் வெடிப்பு. அடுத்தது கட்டுப்பாட்டுப் பக்கம்: உறிஞ்சு விசை தரும் வேக்கம் பம்ப், அதிலிருந்து வரும் மெல்லிய குழாய்கள், அந்த விசையைத் திறந்து மூடும் சோலினாய்டு மின் வால்வு, அந்த விசையால் டர்போவின் கம்பியை இழுக்கும் ஆக்சுவேட்டர். அதன் பிறகு அளவு காட்டும் பக்கம்: அழுத்தச் சென்சாரும் அதன் ஒயர்களும். இவை எல்லாம் நன்றாக இருந்தால் மட்டுமே டர்போவின் உள்ளே பார்க்க வேண்டும்.

மேட்டில் இழுவை குறைவது எல்லாம் டர்போவின் குறையும் அல்ல. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் மேடேறும்போது மட்டும், இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் ரெயில் குழாயில் அழுத்தம் குறையும், அப்போது வரும் கோடு பி 0087. ஓட்டுபவருக்கோ இரண்டும் ஒரே மாதிரியான சோர்வாகத்தான் தெரியும். கோடு அந்த அளவுக்கு உதவுகிறது.

கேள்வி: எப்போது வரும், எப்போது வராது என்றே தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

இந்தத் தொகுப்பில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்: எந்தப் பாகம் என்று தேடுவதற்கு முன் எந்தச் சூழல் என்று தேடுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு காரணமில்லாமல் வருவதில்லை. சூடு, அழுத்தம், அதிர்வு, ஈரம் என்ற நான்கில் ஒன்றோ இரண்டோ கூடும்போது அது வெளிப்படுகிறது. எது கூடும்போது என்று தெரிந்துவிட்டால் பார்க்க வேண்டிய பாகங்கள் பாதியாகக் குறைந்துவிடும்.

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். விளக்கு எரிந்த நாள், இடம், கியர், வேகம், ஏ.சி. ஓடியதா, எத்தனை பேர் இருந்தார்கள், மழையா வெயிலா, கிளம்பி எத்தனை நேரம் ஆனது என்பவற்றைப் பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். என் நோட்டில் நான்கு மாதங்களில் ஆறு பதிவுகள் சேர்ந்தன. ஆறில் ஐந்து மேட்டுப் பாதையில்: பண்ணாரியைக் கடந்து திம்பம் ஏறும்போது மூன்று, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது இரண்டு. ஆறாவது, பெருந்துறை அருகே நான்குவழிச் சாலையில் லாரி ஒன்றை முந்தியபோது. நகருக்குள் ஒன்றுகூட இல்லை. குண்டும் குழியுமான சாலையிலும் இல்லை, மழையிலும் இல்லை. அதிர்வும் ஈரமும் அப்போதே கழிந்துவிட்டன. எஞ்சியவை அழுத்தமும் சூடும். முந்தும்போது என்ஜின் அவ்வளவாகச் சூடாகியிருக்கவில்லை என்பதால், அழுத்தம் என்று நான் முடிவுக்கு வந்தேன்.

உங்கள் நோட்டு வேறு கதை சொல்லலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால் பேட்டரியையும் எர்த்தையும் பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பின் டிராஃபிக்கில் நிற்கும்போது வந்தால், சூட்டில் செயலிழக்கும் கிராங்க் சென்சாரையும் இக்னிஷன் காயிலையும் சந்தேகிக்கலாம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வந்தால் கனெக்டர். மலைப்பாதை நல்ல சோதனைக்களம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறைப் பாதையின் 40-இலும் கொல்லிமலையின் 70-இலும் குறைந்த வேகத்தில் முழுச் சுமை கிடைப்பதுபோல் நகரில் எங்கும் கிடைக்காது.

கேள்வி: மேட்டில் திடீரென்று இழுவை போய்விடுகிறது. சாவியை அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடுகிறது. இது எப்படி?

கணினி என்ஜினைக் காப்பதற்காகத் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் நிலை இது. லிம்ப் மோட் என்பார்கள். அழுத்தம் கூடிப்போனாலும் குறைந்துபோனாலும் அது டர்போவைக் கட்டுப்படுத்துவதை நிறுத்தி, டீசலின் அளவையும் குறைத்துவிடும். சாவியை அணைத்துப் போட்டதும் புதிதாகத் தொடங்குவதால் இழுவை திரும்புகிறது. உடைந்த பாகம் எதுவும் சாவியைத் திருப்பினால் ஒட்டிக்கொள்ளாது. ஆகவே இந்த அறிகுறி இருந்தால், டர்போ முற்றிலும் உடைந்திருக்கவில்லை என்று ஓரளவு ஆறுதல் கொள்ளலாம்.

விஜிடி வகை டர்போவில், அதாவது உள்ளே அசையும் தகடுகள் கொண்டதில், கரி படிந்து தகடுகள் சிக்கிக்கொள்வது இதற்கு ஒரு பெரிய காரணம். தினமும் இரண்டு கிலோமீட்டர் கடைக்குப் போய்வந்தே பழகிய வண்டி, ஆண்டுக்கொருமுறை அவிநாசி தாண்டி நான்குவழிச் சாலையில் விரட்டப்படும்போது தகடுகள் ஒரே இடத்தில் நின்றுவிட, அழுத்தம் எகிறி பி 0234 விழும். என்ஜின் ஓடாதபோது ஆக்சுவேட்டரில் ஒரு கை வேக்கம் பம்பை மாட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள்: கம்பி வழுக்கிக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும், தத்தித் தத்திப் போனால் தகடுகளில் சிக்கல். இழுத்த பின் பம்பின் முள் கீழிறங்கிக்கொண்டே போனால் ஆக்சுவேட்டரின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த மெல்லிய வேக்கம் குழாய்களை மாற்றும்போது மீட்டர் கணக்கில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவது சிக்கனம். ஒன்று வெடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான்.

கேள்வி: உங்கள் வண்டியில் கடைசியில் என்னதான் இருந்தது?

மூன்று ஒர்க்‌ஷாப்களுக்குப் போனேன். முதலாமவர் கோட்டை அழித்தார். இரண்டாமவர் அழுத்தச் சென்சாரை மாற்றினார்; பத்து நாள் கழித்து விளக்கு திரும்பியது. மூன்றாமவர் நல்ல மனிதர், அனுபவஸ்தர். ஆனாலும், “டர்போ போயிருச்சுங்கண்ணா, மாத்தித்தான் ஆகோணும்” என்று சொல்லிவிட்டார். புதிய டர்போவின் விலையைக் கேட்டுவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

பழைய தொழில் கைகொடுத்தது. குழாய்க் கடையில் பிவிசி எண்ட் கேப் ஒன்றும், பஞ்சர் கடையில் டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்றும் வாங்கி, கேப்பின் நடுவே துளையிட்டு வால்வை இழுத்து மாட்டினேன். வெளிவிட்டம் சரியாக அமைவதற்குப் பக்கத்து லேத்தில் கேப்பை ஒரு சுற்று சீவ வேண்டியிருந்தது. ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, டர்போவின் வாயில் கேப்பைச் செருகிக் கிளிப்பை இறுக்கி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்தேன். 10 பிஎஸ்ஐக்கு மேல் போகவில்லை; நீங்களும் போகாதீர்கள், கேப் தெறித்தால் முகத்துக்குத்தான் வரும். எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கண்ணாடி அணிந்து செய்ய வேண்டிய வேலை இது. என்ஜினின் உள்காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் காற்று என்ஜினின் அடிவயிற்றுக்குள் போய்விடும்.

5 பிஎஸ்ஐ வரை ஒன்றும் இல்லை. 8-ஐத் தொட்டபோது மெல்லிய சீறல் கேட்டது; எங்கிருந்து என்று காதுக்குப் பிடிபடவில்லை. மனைவி பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துத் தெளிப்பானில் ஊற்றிக் கொடுத்தாள். எல்லா இணைப்பிலும் அடித்தேன். கிளிப்புகளில் எதுவும் இல்லை. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு இறங்கும் ஹோஸின் அடிப்பக்கத்தைக் கைக்கண்ணாடி பிடித்துப் பார்த்தபோது, தவளை முட்டை போலக் குமிழிகள் கொத்தாகத் திரண்டு வந்தன. கழற்றிப் பார்த்தால், இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கீறல். அதைச் சுற்றி ஆயில் பசையில் ஒட்டிய கறுப்புப் புழுதி ஈரமாக ஒரு கோடு போட்டிருந்தது. கையால் வளைத்தால்தான் கீறல் வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. நகருக்குள் அழுத்தம் குறைவு என்பதால் அது மூடியே இருந்திருக்கிறது. மலையேறும்போது மட்டும் வாய் திறந்திருக்கிறது. டர்போவின் விலையில் முப்பதில் ஒரு பங்குக்குப் புது ஹோஸ் கிடைத்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மேட்டில் இழுவை குறையும்போதெல்லாம் பின்னால் கறும்புகை விட்டதாகப் பின்னால் வந்த தம்பி மகன் சொல்லியிருந்தான். வழியிலேயே காற்று தப்பிவிட, கணினி அது உள்ளே வந்ததாகவே கணக்கிட்டு டீசலை ஊற்றினால் புகை வரத்தான் செய்யும். அந்தச் சொல்லை அப்போதே நோட்டில் எழுதாமல் விட்டது என் தவறு.

கேள்வி: பெட்ரோல் டர்போவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கசிவுத் தேடல் அப்படியே பொருந்தும். கூடுதலாக இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது பொறி. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட ஸ்பார்க் பிளக்கில் பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும். ஆகவே தேய்ந்த பிளக்கும் பலவீனமான காயிலும் சமவெளியில் ஓடிவிட்டு மேட்டில் மட்டும் தவறும். பி 0302 என்றால் இரண்டாம் சிலிண்டர். இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் காயில்களை இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோடு பி 0303 ஆகிவிட்டால் காயில்தான் குற்றவாளி, மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். செலவில்லாமல் இவ்வளவு தெளிவாக விடை சொல்லும் சோதனை வேறு இல்லை.

இரண்டாவது, எரிபொருள் திருத்த அளவு, அதாவது கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது. ஸ்கேனரில் குறுகிய காலத் திருத்தம், நீண்ட காலத் திருத்தம் என்று இரண்டு விழுக்காடுகள் தெரியும். இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்தை ஒட்டி இருப்பது நலம்; 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐடிலிங்கில் திருத்தம் மிகுந்து, சுற்றைக் கூட்டினால் குறைகிறதா? த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ அளக்கப்படாத காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் சரியாக இருந்து, முழுச் சுமையில் மட்டும் மிகுகிறதா? பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குக் குறைந்த காற்றே போதும் என்பதால், அதே அளவு காற்றுக்குக் கணினி சற்றுக் கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டியிருக்கிறது. திருத்தம் சில விழுக்காடு தானாகவே மேலேறும். முன்பு எல்லைக்குள் தப்பிக்கொண்டிருந்த சிறு கசிவு, இப்போது எல்லையைத் தாண்டி, காற்றுக்கு எரிபொருள் போதவில்லை என்று சொல்லும் பி 0171 ஆகிவிடலாம். எத்தனாலைத் திட்டிக்கொண்டிருப்பதைவிட அந்தக் கசிவைத் தேடுவது பயன் தரும்.

கேள்வி: சென்சார் கெட்டிருக்கிறதா என்று வாங்கி மாற்றாமல் எப்படி அறிவது?

அழுத்தச் சென்சாருக்கு ஓர் எளிய வழி உண்டு. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். என்ஜின் ஓடாதபோது அது காட்ட வேண்டியது அந்த ஊரின் காற்றழுத்தம். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 96, 97 கிலோபாஸ்கல் வர வேண்டும். ஊட்டியில் 77-ஐ ஒட்டி வரும். கோவையில் நின்றுகொண்டு 85 என்று காட்டினால், சென்சாரோ அதன் ஒயரோ பொய் சொல்கிறது. 97 என்றே காட்டினால் இந்த ஒரு புள்ளியில் அது சரி. ஓடும்போது அழுத்தத்தோடு ஏறி இறங்குகிறதா என்று அடுத்துப் பாருங்கள். இரண்டாம் ஒர்க்‌ஷாப்பில் என் பழைய சென்சாரைக் கழற்றும் முன் யாராவது இதைப் பார்த்திருந்தால் எனக்குப் பணம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: சம்பந்தமே இல்லாத நான்கைந்து கோடுகள் ஒரே நேரத்தில் வருகின்றன. எல்லாமே கெட்டுவிட்டனவா?

இல்லை, ஒரே இடத்தில் ஏதோ ஒன்று என்று எண்ணுங்கள். சென்சார்கள் பலவும் கணினியிலிருந்து வரும் ஒரே 5 வோல்ட் இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் ஒயர் தோலுரிந்து உலோகத்தில் உரசினால் மற்றவையும் சேர்ந்து தடுமாறும்.

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் இருக்க வேண்டும். அடுத்து எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மற்றதை என்ஜின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். பழைய வண்டிகளில் இந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் துருவும் பச்சைப் பூசணமும் இருப்பது மிகச் சாதாரணம்.

பிறகு எலி. தோட்டத்து வீட்டுக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம், ஆனால் தீவனமூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துபவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். எலியும் அணிலும் ஒயரை முழுதாக அறுப்பதில்லை. பாதி கடித்துவிட்டுப் போய்விடும். எஞ்சிய இரண்டு மூன்று இழைகள் அதிர்வில் விட்டு விட்டுத் தொடும். என்ஜின் ஓடும்போது நேரடி அளவுகளைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒயர்க்கட்டை ஒரு சாண் இடைவெளியில் பிடித்து மெல்ல அசைத்து வாருங்கள், கையும் சட்டையும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத இடத்தில் மட்டும். எண் துள்ளுகிற இடத்தில் கோளாறு இருக்கிறது. அகப்பட்டால் டேப் மட்டும் சுற்றாமல், ஈயம் வைத்து ஒட்டி ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: வாட்டர் வாஷ் செய்த மறுநாள் விளக்கு எரிகிறது.

கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. கழற்றி, காற்றடித்து உலர்த்தி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரப்பர் சீல் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். இனிமேல் என்ஜினுக்கு உயரழுத்தத் தண்ணீர் வேண்டாம் என்று சர்வீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு மாற்றுகிறேன். போதாதா?

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்கு அருகில் நிறுத்துபவருக்கும், பொள்ளாச்சியில் தென்னை நார் ஆலைக்குப் போய்வருபவருக்கும் போதாது. பஞ்சும் நார்த் தூசியும் ஃபில்டரின் மடிப்புகளில் கம்பளி போலப் படிந்துவிடும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் புழுதியும் சேர்ந்துகொள்ளும். பாதித் தூரத்திலேயே திறந்து பாருங்கள். ஆயில் தடவும் வகை ஃபில்டரைப் போட்டால் அந்த ஆயில் காற்றளவுச் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து பி 0101 வர வாய்ப்புண்டு. சாதாரணக் காகித ஃபில்டரே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

கேள்வி: புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆரை அடைத்துவிட்டால் விளக்குத் தொல்லை தீரும் என்கிறார்கள்.

தீராது. புகை திரும்பிச் செல்கிறதா என்று கணினி சோதிக்கிற வண்டிகளில் பி 0401 வந்து நிற்கும். அதை மறைக்க மென்பொருளை மாற்றச் சொல்வார்கள். அதன் பின் உண்மையான கோளாறு வந்தாலும் விளக்கு சொல்லாது. மாசுக் கட்டுப்பாட்டுக்காக வைத்த பாகத்தை முடக்குவது சட்டத்துக்கும் ஒவ்வாதது. கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

கேள்வி: டர்போவையே பார்க்க வேண்டிய கட்டம் வந்தால் எதைப் பார்ப்பது?

என்ஜின் குளிர்ந்த பின் நுழைவாய்க் குழாயைக் கழற்றி, தண்டின் நுனியை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு, ஏனெனில் ஆயில் அழுத்தம் இல்லாதபோது பேரிங்கில் இடைவெளி இருக்கும். முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. இறக்கைகள் கூட்டில் உரசிய தடமும் இருக்கக் கூடாது. குழாயில் மெல்லிய ஆயில் ஈரம் பழைய வண்டிகளில் சாதாரணம். ஆயில் தேங்கி நின்று, கூடவே நீலப்புகையும் வந்தால் அப்போது டர்போவைக் கழற்றலாம். அப்போதும் ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், புதியதும் அதே வழியில் போகும்.

கேள்வி: சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

கோட்டை அழிக்கும் நேரம் இதுதான். அழித்த பின், நோட்டில் எழுதிய அதே சூழலைத் திரும்ப உண்டாக்க வேண்டும். ஹோஸ் மாற்றிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருடன், ஏ.சி. ஓட, பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினேன். அழுத்த அளவைக் கைப்பேசியில் பதிவு செய்யும்படி மகளிடம் சொல்லியிருந்தேன். பழைய பதிவில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலேட்டரில் 160 கிலோபாஸ்கலில் திணறி நின்ற அளவு, இம்முறை 205 வரை ஏறியது. புலிகள் காப்பகத்துக்குள் நடுவழியில் நிறுத்தி ஸ்கேனரைப் பார்க்கக் கூடாது. இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு. ஆசனூர் போய்த் தேநீர் குடிக்கும்போது நிலுவைக் கோடுகளைப் பார்த்தோம்: ஒன்றும் இல்லை.

ஒரு முறை போதாது. விளக்கு எரியாமல் நிலுவையில் மட்டும் கோடு ஒளிந்திருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று வாரம், சூழல் அமைந்த ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நிலுவைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் அதன் பின் வால்பாறைக்கு இரண்டு முறையும் திம்பத்துக்கு மேலும் ஒரு முறையும் போய்வந்த பிறகுதான் நோட்டை வண்டியிலிருந்து எடுத்தேன்.